நம்ம பீலித் தண்ணி யாருக்குச் சொந்தம்?

போன ஆடி மாசம் எங்க லயத்து பீலியில, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு ஓடைத் தண்ணி வந்து விழுற குழாயில, தண்ணி நூல் மாதிரிதான் வந்துச்சு. இலங்கை நுவரெலியா மாவட்டத்துல ராகலைக்கும் வலப்பனைக்கும் நடுவுல எங்க தேயிலைத் தோட்டம். ஹட்டன் மஸ்கெலியா பக்கம் ஆனி ஆடியில மழை விடாம கொட்டும், எங்க பக்கம் அந்த நேரத்துல காஞ்ச காத்துதான், எங்களுக்கு மழைன்னா ஐப்பசியில இருந்து தை வரைக்கும். அதனால ஆடி ஆவணியில தண்ணி குறையிறது புதுசு இல்ல, ஆனா ஒரு வாளி நிறைய கால் மணித்தியாலம் ஆனது அப்பாயி காலத்துலயும் நடக்காத விஷயமாம். பொம்பளைங்க விடியக்காலம் மூணு மணிக்கே குடத்த வரிசையில வச்சிட்டு வந்து, கொழுந்து எடுக்கப் போற நேரம் வரைக்கும் பீலிக்கரையிலயே நின்னாங்க.

எங்க அப்பாவும் இன்னும் நாலு பேரும் பைப் லைன புடிச்சிக்கிட்டே மேல ஏறிப் போய்ப் பாத்தாங்க. பைப்புல ஒடைப்பு எதுவும் இல்ல. எங்க தொட்டிக்கு மேல, ஓடை வளையிற இடத்துல ஒருத்தர் தண்ணி மோட்டர் வச்சு லீக்ஸுக்கும் கரட்டுக்கும் இறைச்சிக்கிட்டு இருந்தாரு. அவர் கெட்ட மனுஷன் இல்ல, குத்தகைக்கு காணி எடுத்து கடன்பட்டு மரக்கறி போட்டவர், அவருக்கும் பயிர் காயுது. சண்டை போடப் போனவங்ககிட்ட அவர் அமைதியா ஒரு கேள்விதான் கேட்டாரு: "இது உங்க தண்ணின்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

யாருக்கும் பதில் தெரியல. ஒரு ஆபீசுக்குப் போய் முறைப்பாடு சொன்னா அங்க உள்ளவங்க, "காணி உறுதி இருக்கா"ன்னு, அதாவது நிலத்துக்குப் பத்திரம் இருக்கான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. தண்ணியப் பத்தி கேக்கப் போனா ஏன் காணியப் பத்தி கேக்குறாங்கன்னு எனக்கு அன்னைக்குப் புரியல. அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசமா படிச்சும், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டும் புரிஞ்சிக்கிட்டத இங்க எழுதுறேன். நான் லோயர் இல்ல, ஆனா நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்கு யாரும் இத முதல்ல இருந்து சொல்லிக்குடுத்து நான் பாக்கல.

முதல்ல மலைய ஒருக்கா மேல இருந்து கீழ பாருங்க. உச்சியில காடு. அதுக்குக் கீழ தேயிலை, தேயிலைக்கு நடுவுல லயம். தோட்டத்து எல்லை முடியிற இடத்துல இருந்து நாங்க நாட்டுப்பக்கம்னு சொல்ற சிங்கள ஊர், அங்க படி படியா வெட்டின வயல். காட்டுல ஊறுற அதே ஓடைதான் தேயிலைக்கு நடுவால வந்து, லயத்துக்குத் தண்ணி குடுத்து, கடைசியில அந்த வயலுக்குப் போகுது. ஓடை ஒண்ணுதான், ஆனா அது போற வழியில ஒவ்வொரு படியிலயும் வேற வேற சட்டம் இருக்கு.

கீழ இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா பழைய முறை இன்னும் உயிரோட இருக்கிறது அங்கதான். இலங்கைப் பழைய நீர்ப்பாசனம்னாலே எல்லாரும் அனுராதபுரம் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய குளத்தத்தான் சொல்லுவாங்க. மலைநாட்டுல குளம் கட்ட தட்டையான எடம் குறைவு, இங்க உள்ள முறை வேற. ஓடைக்குக் குறுக்க ஒரு சின்ன தடுப்பு, அதுக்கு சிங்களத்துல அமுனன்னு பேரு. அங்க இருந்து மலையோட இடுப்ப சுத்தி போற ஒரு வாய்க்கால், அது எல. அவ்வளவுதான் கட்டுமானம்.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சீயா இருக்காரு, சீயான்னா சிங்களத்துல தாத்தா, எண்பது வயசுக்கு மேல, எங்க தாத்தாவோட கூட்டாளி. அவர்தான் என்னைய கூட்டிட்டுப் போய் காட்டினாரு. அமுனன்னா பெரிய சீமெந்து அணைன்னு நெனச்சுப் போனேன், போய்ப் பாத்தா பெரிய கல்லுங்க, நடுவுல குறுக்க ஒரு மரம், சந்துல எல்லாம் கிளையும் புல்லுக்கட்டியும் களிமண்ணும் வச்சு அடைச்சிருக்கு. தண்ணி கொஞ்சம் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு. ஏன் சீயா முழுசா அடைக்கலன்னு கேட்டேன். கீழயும் அமுன இருக்கு, அவங்களுக்கும் வயல் இருக்கு, முழுசா அடைச்சா பாவம்னு சொன்னாரு. பெரிய வெள்ளம் வந்தா அந்த அடைப்பு தானா பிச்சிக்கிட்டுப் போயிடும், வாய்க்கால் உடையாம தப்பிச்சிடும், வெள்ளம் வடிஞ்சதும் எல்லாரும் சேந்து அரை நாள்ல திரும்பக் கட்டிடுவாங்க.

வாய்க்கால் ரெண்டா பிரியிற இடத்துல ஒரு மரக்கட்டை கிடந்துச்சு. குறுக்க போட்ட கட்டை, மேல்பக்கம் ரெண்டு வெட்டு, ஒண்ணு அகலம், ஒண்ணு குறுகல். ரெண்டு வெட்டும் ஒரே ஆழம். அந்தப்பக்கம் எவ்வளவு வயலோ அந்தக் கணக்குக்கு வெட்டோட அகலம். தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் பங்கு மாறாது, பாத்துக்கிட்டு நிக்க ஆளும் தேவையில்ல. நான் படிச்ச படிப்புல இவ்வளவு நேர்த்தியா ஒரு கணக்கு பாத்ததில்லன்னு மனசார சொல்றேன். அந்தக் கட்டைய யாராவது ராத்திரியில செதுக்கி அகலப்படுத்திட்டா அது ஊர்ல பெரிய குத்தம்.

வாய்க்கால சுத்தம் பண்றதுக்கும் கணக்கு உண்டு. யாருக்கு எவ்வளவு வயலோ அந்த அளவுக்கு வாய்க்கால்லயும் அணையிலயும் ஒரு நீளம் அவங்க பொறுப்பு. அதுக்கு சிங்களத்துல பங்குன்னே சொல்றாங்க. ஆமா, நம்ம பங்குதான். அந்தச் சொல்ல சீயா வாயால கேட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அவங்க வயல் கணக்குல நம்ம வார்த்தை இருக்கு, ஆனா அந்தக் கணக்குல நம்ம ஆளுங்க இல்ல.

தண்ணி ரொம்பக் குறைஞ்சா பெத்மன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, இது கூடுதலா குளத்து வயல்லதான் நடக்கும். அந்தப் போகத்துல எல்லா வயலும் செய்யாம, குளத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு பகுதிய மட்டும் செய்றது, அதையும் எல்லாரும் பிரிச்சு எடுத்துக்கிறது. அதாவது என்னோட சொந்த வயல்ல அந்தப் போகத்துக்கு மட்டும் வேற ஒருத்தர் விதைப்பாரு, போகம் முடிஞ்சதும் காணி திரும்ப எனக்கு.

இதெல்லாம் யார் தீர்மானிக்கிறது? போகம் தொடங்குறதுக்கு முன்னால ஒரு கூட்டம் நடக்கும், கன்னக் கூட்டம்னு சொல்றாங்க, நம்ம தமிழ்ல போகக் கூட்டம்னு வச்சுக்கலாம். பெரும்போகத்துக்கு ஒண்ணு, சிறுபோகத்துக்கு ஒண்ணு. எந்தத் தேதியில தண்ணி திறக்கிறது, எந்தத் தேதிக்குள்ள வாய்க்கால் வெட்டி முடிக்கணும், எப்ப விதைப்பு, எத்தனை மாசத்து நெல்லு, மாடு எப்ப கட்டி வைக்கணும், எல்லாம் அங்க பேசி முடிவாகும். அந்த முடிவு சும்மா ஊர் வாய்ப்பேச்சு இல்ல, அதுக்கு சட்டத்தோட பலம் இருக்கு, மீறினா கோர்ட்டுக்குப் போகலாம், தண்டம் கட்டணும். வெலிமடைப் பக்கம் பெரும்போகத்துல நெல்லும் சிறுபோகத்துல அதே வயல்ல உருளைக்கிழங்கும் போடுவாங்க, அங்கயும் தண்ணி முறை இப்பிடித்தான் பேசி வைக்கணும்.

வழக்கத்துக்கு சட்டத்தோட பலம் எப்பிடி வந்துச்சுன்னு பாக்க கொஞ்சம் பின்னால போகணும்.

கண்டி ராஜா காலத்துல ராஜகாரிய முறை. காணி அனுபவிக்கிறவன் அதுக்குப் பதிலா ராஜாவுக்கு வேலை செய்யணும், வாய்க்கால் அணை வேலையும் அதுக்குள்ளதான். 1815ல கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. 1817, 1818ல ஊவா வெல்லஸ்ஸயில கிளர்ச்சி, அத அடக்கின விதத்துல ஊரும் வயலும் வாய்க்காலும் நாசமாச்சு. அப்புறம் 1832ல ராஜகாரியத்தையே எடுத்துட்டாங்க. கட்டாய வேலை போனது நல்லதுதான், நான் அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்த இடத்துல வேற எந்த ஏற்பாடும் வைக்கல. தன் பங்கு வாய்க்கால வெட்டாதவன யார் கேக்கிறது? யாரும் கேக்கல. மேல இருக்கிறவன் தண்ணிய எடுத்துக்கிட்டான், கீழ இருக்கிறவன் வயல் தரிசாச்சு.

1840ல வந்ததுதான் நமக்கு ரொம்ப முக்கியமான சட்டம், 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம். காடு, தரிசு, பயிர் செய்யாத காணி, யாரும் குடியில்லாத காணி, எல்லாம் வேற மாதிரி நிரூபிக்கிற வரைக்கும் முடிக்கு, அதாவது வெள்ளைக்கார அரசாங்கத்துக்குச் சொந்தம்னு ஒரே போடா போட்டாங்க. ஊர் ஆளுங்களுக்கு மேல இருந்த காடுதான் தண்ணி ஊறுற இடம், மாடு மேய்க்கிற இடம், காட்ட வெட்டி எரிச்சு சேனைப் பயிர் செய்ற இடம், ஆனா அவங்க கையில கடதாசி இல்ல. அந்தக் காட்டத்தான் வித்து, வெட்டி கோப்பி போட்டாங்க. அந்தக் காட்ட வெட்டவும் கோப்பிப் பழம் பறிக்கவும்தான் நம்ம பாட்டன் பூட்டனுங்கள தமிழ்நாட்டுல இருந்து நடத்தியே கூட்டிட்டு வந்தாங்க. கோப்பிக்கு நோய் வந்து அழிஞ்சப்புறம் தேயிலை. நாட்டுப்பக்கம் கேட்டா "எங்க தண்ணி ஊத்த அழிச்சது தோட்டம்"னு சொல்லுவாங்க, அது பொய் இல்ல. ஆனா கோடாரிய புடிச்சவன் கைக்கும் அந்த மண்ணுல ஒரு அடி சொந்தமா கிடைக்கல, அதையும் சேத்து சொல்லணும்.

1855ல ஹென்றி வார்ட்னு ஒரு கவர்னர் வந்தாரு. ஊவாப் பக்கம் உதவி அரசாங்க அதிபரா இருந்த ஜோன் பெய்லி, பழைய வழக்கம் அழிஞ்சதாலதான் தண்ணிச் சண்டையும் வழக்கும் கூடிப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் 1856ல முதலாவது நீர்ப்பாசனச் சட்டம். அதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா புதுசா ஒண்ணையும் கண்டுபிடிக்காம, ஊர்ல காணிக்காரங்கள கூட்டி, உங்க பழைய வழக்கம் என்னன்னு கேட்டு, கூடுதலானவங்க ஒத்துக்கிட்டா அதையே சட்டமா நடத்துறதுன்னு வச்சாங்க. அதாவது இன்னைக்கு நடக்கிற போகக் கூட்டத்தோட வேர் அங்க இருக்கு, அதுக்குக் காரணமான ஊர்ல நம்ம மலைநாடும் ஒண்ணு.

அதுக்கப்புறம் உள்ளத வேகமா சொல்லிடுறேன். 1900ல நீர்ப்பாசனத் திணைக்களம். 1946ல 32ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், இதுதான் திருத்தங்களோட இன்னும் நடக்குது. ஊர்ல தண்ணி பாக்கிறதுக்கு வெல் விதானைன்னு ஒரு ஆள் இருந்தாரு, அவருக்கு சம்பளம் கிடையாது, அறுவடையில ஒரு பங்கு. 1958ல பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தோட அந்தப் பதவி போய் பயிர்ச்செய்கைக் குழு வந்துச்சு. இப்ப நடக்கிறது 2000ஆம் வருஷத்து 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம், அதுல கமக்காரர் அமைப்புக்கு, அதாவது விவசாயிகள் சங்கத்துக்கு, பதிவும் அதிகாரமும் இருக்கு. 80 ஹெக்டேருக்குக் குறைஞ்ச, அதாவது 200 ஏக்கருக்குக் குறைஞ்ச வயலுக்குத் தண்ணி குடுக்கிற சின்ன அமுன, சின்ன குளம் எல்லாம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துப் பக்கம், அதுக்கு மேல பெருசுன்னா நீர்ப்பாசனத் திணைக்களமோ மகாவலி அதிகார சபையோ மாகாண சபையோ. எங்க ஊர் ஓடை மாதிரி ஓடையெல்லாம் இந்த சின்ன கணக்குலதான் வரும்.

இந்தச் சட்டங்கள படிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: காணிக்காரர். கூட்டத்துக்கு வர்றது காணிக்காரர், கை தூக்குறது காணிக்காரர், இல்லாட்டி அந்தக் காணிய செய்கை பண்றவர். தண்ணியப் பத்தின பேச்சுல உக்கார நாற்காலி வேணும்னா அந்த வாய்க்காலுக்குக் கீழ உனக்கு வயல் இருக்கணும். வாய்க்காலுக்கு மேல நூத்தைம்பது வருஷமா அதே ஓடைத் தண்ணிய குடிச்சிக்கிட்டு இருக்கிற லயத்து ஆளுக்கு அங்க இடமே கிடையாது. யாரோ வேணும்னு கதவ சாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. வயலுக்குன்னு எழுதின சட்டம், அதுல வயல் இல்லாதவனோட தாகம் ஞாபகத்துக்கு வரல, அவ்வளவுதான். ஆனா பலன் ஒண்ணுதான்.

அப்ப வயலுக்கு வெளிய உள்ள ஓடைக்கு என்ன சட்டம்? அது 1947ஆம் வருஷத்து 8ஆம் இலக்க அரச காணிகள் சட்டம். நான் அந்த ஆபீஸ் கேள்விய புரிஞ்சிக்கிட்டது இதப் படிச்சப்புறம்தான். பொது ஓடை, பொது ஏரியோட தண்ணிய பாவிக்கிற, நிர்வகிக்கிற, கட்டுப்படுத்துற உரிமை அரசாங்கத்துக்குன்னு அது சொல்லுது. கரையோரக் காணியில இருக்கிறவங்க வீட்டுத் தேவைக்கும் ஆடு மாட்டுக்கும் பயிருக்கும் எடுக்கலாம், ஆனா கையால எடுக்கணும். வாய்க்கால் வெட்டி, பைப் போட்டு, மோட்டர் வச்சு எடுக்கணும்னா பர்மிட் வேணும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. குடத்த முக்கி எடுத்தா பிரச்சினை இல்ல. எங்க அப்பாமாரு சந்தா போட்டு வாங்கி, தோள்ல சுமந்து மலையேத்தி போட்ட அந்தக் கறுப்பு பைப் இருக்கே, அதுக்கு பர்மிட் இல்ல. மேல மோட்டர் வச்ச மரக்கறிக்காரருக்கும் பர்மிட் இல்ல. அப்ப எழுத்துப்படி பாத்தா ரெண்டு பேரும் ஒரே நிலைமை. இது தெரியாம நாங்க போய் சத்தம் போட்டோம். நம்ம பக்கம் நியாயம் இருக்கு, ஆனா அந்த நியாயத்துக்கு ஒரு துண்டு கடதாசி இல்ல. இத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

சரி, இவ்வளவு காலமா குடிச்சிருக்கோமே, அது உரிமை ஆகாதா? இதையும் நெறைய பேர் கேக்குறாங்க. நம்ம நாட்டுல ரோமன் டச்சு சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல அடுத்தவன் காணி வழியா தண்ணி கொண்டுபோற உரிமை, அடுத்தவன் ஊத்துல தண்ணி அள்ளுற உரிமை எல்லாம் உண்டு. 1871ஆம் வருஷத்து 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டப்படி பத்து வருஷம் தடையில்லாம, சொந்தக்காரன் அனுமதி கேக்காம பாவிச்சா அது உரிமையா நிலைக்கலாம். கேக்க நல்லாருக்கு. ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, அந்த மாதிரி தண்ணி உரிமை ஒரு ஆளோட ஒட்டாது, ஒரு காணியோட ஒட்டும், என் காணிக்காக உன் காணி வழியா தண்ணின்னுதான் அது நிக்கும். லயக் காம்பராவுக்கு உறுதி இல்ல. ரெண்டாவது, 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, 1992ல கம்பனிங்க கைக்கு வந்தது நிர்வாகமும் குத்தகையும்தான், நிலம் இன்னும் அரசாங்கத்தோடது. அரசாங்கத்துக்கு எதிரா இந்த பத்து வருஷக் கணக்கு செல்லாது.

அரச காணிச் சட்டம் 1947, அதுக்கு அடுத்த வருஷமே 1948ஆம் வருஷத்து 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்களா ஆனாங்க, அது முழுசா சரியாக 2003 வரைக்கும் போச்சு. 1987ல வந்த பிரதேச சபைச் சட்டத்துலயும் தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க முடியாத மாதிரி ஒரு தடை இருந்து, 2018லதான் திருத்தினாங்க. தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, பீலிக்கு ஒரு தொட்டி கட்டித் தாங்கன்னு பிரதேச சபையில போய் கேட்டா "அது தோட்டம், தொரைகிட்ட கேளுங்க", தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட கேட்டா "குடிதண்ணி அரசாங்கத்தோட வேலை". இந்த ரெண்டு வாசலுக்கு நடுவுலயே நம்ம அம்மாமாருக்கு வயசு போயிடுச்சு.

மலை உச்சிக்கு வாங்க. காடு இல்லாட்டி ஊத்து இல்ல, இது வெள்ளைக்காரனுக்கும் பிந்தித்தான் விளங்குச்சு. ஹூக்கர்ங்கிற தாவரவியல் அறிஞரோட ஆலோசனையில 1873ல அஞ்சாயிரம் அடிக்கு மேல உள்ள முடிக்குரிய காட்ட விக்கக் கூடாதுன்னு வச்சாங்க. ஹக்கல, பிதுருதலாகலைப் பக்கம் இன்னைக்கு மிச்சமிருக்கிற காட்டுக்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1951ல மண் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஆனா நம்ம பக்கத்துல நடக்கிறது என்னன்னு கண்ணால பாக்கிறோம், ஓடைக்கரைய கூட விடாம சுரண்டி கரட் போடுறது, மழை பெஞ்சா அந்த மண்ணும் மருந்தும் நேரா ஓடையில.

பெரிய திட்டங்க வேற ஒரு உலகம். மகாவலி அதிகார சபை 1979ஆம் வருஷத்து 23ஆம் இலக்கச் சட்டத்துல வந்தது, கொத்மலை, விக்டோரியா எல்லாம் அதோட அணைங்க. தலவாக்கலையில 2012ல திறந்த மேல் கொத்மலை மின் நிலையம் 150 மெகாவாட், தண்ணிய மலைக்குள்ள 13 கிலோமீட்டர் அளவு சுரங்கத்தால கொண்டு போகுது, சென் கிளேயர் அருவிக்குன்னு ஒரு அளவு தண்ணிய விடணும்னு நிபந்தனை வைக்க வேண்டி வந்துச்சு. ஆத்துல உள்ள தண்ணியா இருந்தா இப்பிடி நிபந்தனையாவது போடலாம். மலைக்குள்ள உள்ள தண்ணி? ஊமா ஓயா ஆத்துத் தண்ணிய சுரங்கத்தால திருப்புற மின் திட்டத்துல அதுதான் நடந்துச்சு. பண்டாரவளைக்குக் கீழால சுரங்கம் வெட்டும்போது 2014 டிசம்பர்ல நிலத்தடித் தண்ணி சுரங்கத்துக்குள்ள பாய்ஞ்சு, மேல கிணறும் ஊத்தும் வத்திப்போச்சு, வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டுச்சு. 2017ல பண்டாரவளையில ஆயிரக்கணக்குல சனம் ரோட்டுக்கு வந்துச்சு. திட்டம் 2024 ஏப்ரல்ல திறந்தாச்சு, 120 மெகாவாட். ஊத்து வத்தின வீட்டுக்காரன் கையில "இந்த ஊத்து என்னோட உரிமை"ன்னு எந்தக் கடதாசியும் முன்னாலயும் இல்ல. தண்ணி ஓடும்போது அது தேவைப்படல, நின்னப்புறம்தான் தேடுறோம்.

இதெல்லாத்தையும் ஒரே சட்டமா ஆக்கலாமேன்னு தோணும். முயற்சி நடந்துச்சு. 2000ல தேசிய நீர்வளக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டுவந்து, தண்ணிக்கு உரித்து குடுத்து, அத கை மாத்தவும் விடுறதுன்னு பேசினாங்க. தண்ணிய விக்கப் போறாங்கன்னு விவசாயிகள் எதிர்த்தாங்க, கொள்கை நின்னு போச்சு. அவங்க பயத்துல நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன், கை மாத்தலாம்னு வந்தா முதல்ல வாங்குறது காசுள்ளவன்தான். ஆனா அதோட ஏழைக்கு குடிதண்ணி உரிமைய எழுதி வைக்கிற பேச்சும் நின்னு போச்சு. இன்னைக்கும் தண்ணியத் தொடுற சட்டம் ஐம்பதுக்கு மேல இருக்குன்னு சொல்றாங்க.

கோர்ட்டுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கு. அதே 2000ல எப்பாவல பொஸ்பேட் சுரங்க வழக்கு. அனுராதபுரம் மாவட்டத்துல அந்த ஊர் ஆளுங்க போட்ட வழக்கு, ஜய கங்கைங்கிற பழைய கால்வாயும் ஆபத்துல இருந்துச்சு. இயற்கை வளத்துக்கு அரசாங்கம் இஷ்டத்துக்கு செய்யிற முதலாளி இல்ல, சனத்துக்காக பாதுகாக்கிற பொறுப்பாளின்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. நீதியரசர் அமரசிங்க அந்தத் தீர்ப்புல பழைய குளம் கால்வாய் மரபையெல்லாம் எடுத்துப் பேசியிருக்காரு. 2019ல யாழ்ப்பாணம் சுன்னாகத்து எண்ணெய் கலந்த கிணத்துத் தண்ணி வழக்குலயும் சனத்தோட சுத்தமான தண்ணிக்கு சார்பா தீர்ப்பு வந்துச்சு. 1947 சட்டத்துல "அரசாங்கத்துக்கு"ன்னு இருக்கிற சொல்ல இந்தத் தீர்ப்புகளோட சேத்துப் படிச்சா, நம்ம லயத்துக்கும் ஒரு வழி தெரியுது.

கையில உடனே செய்யக்கூடியது என்னன்னா சமூக அடிப்படை அமைப்பு. ஊத்துத் தண்ணிய பாவிக்கிற குடும்பங்க சேந்து ஒரு சங்கம், தலைவர், செயலாளர், பொருளாளர், பேங்க் கணக்கு, பதிவு. 1993ல தொடங்கின சமூக நீர் வழங்கல் திட்டத்துல பதுளை மாவட்டம் இருந்துச்சு, அந்தப் பக்கம் இப்பிடி சங்கங்க தானே மீட்டர் வச்சு தானே பில் எழுதி நடத்துது. இதுக்குன்னே 2014ல தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம்னு ஒண்ணும் வந்திருக்கு. பதிவான சங்கமா போய் டீஎஸ் ஆபீஸ்ல, அதாவது பிரதேச செயலகத்துல, பைப்புக்கு பர்மிட் கேக்கிறதுக்கும், அஞ்சு பேர் போய் முறைப்பாடு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம். முதல் தடவை போனப்போ எங்க பேரக்கூட எழுதிக்கல, ரெண்டாவது தடவை சங்கமா பதிஞ்சு போனப்போ விண்ணப்பத்த வாங்கி காப்பியில தேதி முத்திரை குத்திக் குடுத்தாங்க. எங்க செயலாளர் அக்கா அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காங்க.

ஆனா பர்மிட் வர்ற வரைக்கும் தாகம் காத்துக்கிட்டு இருக்காதே. சீயாதான் ஒரு வழி சொன்னாரு. பெரும்போகக் கூட்டத்துக்கு எங்க ஆளுங்க மூணு பேர கூட்டிட்டுப் போனாரு, கை தூக்கிற உரிமை இல்ல, பின்னால நின்னாங்க. பேச்சு எல்லாம் முடிஞ்சப்புறம் சீயா எந்திரிச்சு, மேல தண்ணி நின்னா நம்ம அமுனவுக்கும் நிக்கும், லயத்து ஆளுங்க பிரச்சினைய இதுல எழுதுங்கன்னு சொன்னாரு. கூட்டக் குறிப்புல எழுதினாங்க. அடுத்த வாரம் மரக்கறிக்காரர், கமக்காரர் அமைப்பு, எங்க சங்கம் மூணு பக்கமும் ஓடைக்கிட்டயே நின்னு பேசினோம். அவர் மோட்டர நேரா ஓடையில வைக்காம பக்கத்துல ஒரு குழி வெட்டி அதுல வைக்கிறது, குழிக்கு ராத்திரி எட்டு மணியில இருந்து விடிய நாலு மணி வரைக்கும் மட்டும் தண்ணி திறக்கிறது, நாலு மணிக்கு எங்க ஆளு ஒருத்தர் போய் மூடுறதுன்னு எழுதி மூணு பக்கமும் கையெழுத்து வச்சோம்.

குழி பிரியிற இடத்துக்கு கட்டைய சீயாவே செதுக்கிக் குடுத்தாரு. பலா மரம், ரெண்டு வெட்டு, ரெண்டும் ஒரே ஆழம். குழிப் பக்கம் நாலு விரல் அகலம், ஓடைப் பக்கம் பன்னிரெண்டு விரல். அளவுகோல் குடுத்தோம், வாங்கல, தன் விரலாலயே அளந்தாரு. போன கிழமை போய்ப் பாத்தேன், கட்டையில பாசி புடிக்கத் தொடங்கியிருக்கு, நாலு விரல் இன்னும் நாலு விரலாவே இருக்கு.